ஒரே நிறத்து ஆமைகள்

மரியோ என்னும் டிவி கேமில் இரண்டு வகை ஆமைகள் உண்டு. பச்சை ஓட்டு ஆமை மேடையின் விளிம்பு வந்தாலும் நிற்காது, அப்படியே நடந்து போய்க் கீழே விழுந்துவிடும். சிவப்பு ஓட்டு ஆமை விளிம்பைக் கண்டதும் திரும்பிவிடும். நிறத்தைப் பார்த்ததுமே எது என்ன செய்யும் என்று விளையாடுகிறவனுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. அதில் இரண்டு ஆமைகளும் ஒரே சாம்பல்.

அதனால் நாங்கள் நிறத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டோம். பெரியப்பா மகன், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், ஒவ்வொரு ஸ்டேஜையும் நெட்டுருப் போட்டிருந்தான். நான் விளையாடும்போது பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது விழுற ஆமை, பேசாம நில்லு. அடுத்து வர்றது திரும்புற ஆமை, மிதிச்சிரு" என்று சொல்லிக்கொண்டே வருவான். அந்தரத்தில் மேடைகள் மிதக்கும் மூன்றாவது ஸ்டேஜில் அவன் சொல் தப்பாது. காளானும் அப்படித்தான். மரியோவைப் பெரியவனாக்கும் காளானும் கூடுதலாக ஒரு லைஃப் தரும் காளானும் ஒரே படம், நிறம்தான் வேறு. எந்த இடத்தில் குதித்து முட்டினால் எது வரும் என்பது எங்களுக்கு மனக்கணக்கு.

நாங்கள் விளையாடிய டிவி கேம் பெட்டி, 1993 கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்தது. வெள்ளையும் அரக்குச் சிவப்பும் கலந்த பிளாஸ்டிக், மேலே கேசட் செருகும் வாய், பக்கவாட்டில் இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி. ஜப்பானில் 1983 ஜூலையில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் அச்சு அசலான நகல். கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன் மேல் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தவை சிலவேதான். அவற்றையே வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கவிட்டு எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். மரியோ, கான்ட்ரா, டேங்க், சர்க்கஸ், ரோட் ஃபைட்டர். அவை போதுமானதாக இருந்தன. டேங்கில் நாமே செங்கல் அடுக்கிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம் என்பதைத் தங்கை கண்டுபிடித்த நாளில் கூடமே அமளிதுமளிப்பட்டது.

விளையாட்டைவிட எனக்கு நுணுக்கமாக நினைவிருப்பது ட்யூனிங். டிவியின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் வரிசையாகப் பல்சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஒரு பட்டனுக்கு. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் ஒயரைச் செருக வேண்டும். அப்புறம் கடைசிப் பட்டனை அழுத்திக்கொண்டு அதற்குரிய சக்கரத்தை நகத்தால் மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். முதலில் வெறும் இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் கறுப்பாக ஒரு பட்டை ஓடும். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் மெனு சாய்ந்து சாய்ந்து வந்து நேராக நிற்கும். அதற்கும் மேல் திருப்பினால் சத்தம் போய்விடும். படமும் சத்தமும் சேர்ந்து கிடைக்கும் அந்த இடத்தைப் பிடிக்க அண்ணன் ஒருவனால்தான் முடியும். பிடித்ததும் "யாரும் கதவத் தொடப்படாது" என்பான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒளியும் ஒலியும் பார்க்க ஒயரை மாற்றும்போதுகூட அந்தச் சக்கரத்தை அப்பா தொடமாட்டார்.

கான்ட்ராவில் தோட்டாக்கள் நெருக்கமாகப் பறக்கும்போது ஆட்கள் மினுங்குவார்கள். உள்ளே சமைத்துக்கொண்டிருக்கும் அப்பத்தா எட்டிப் பார்த்து, "டிவி கண்ணச் சிமிட்டுது, வோல்டேஜ் இறங்கிருச்சுபோல. அமத்துங்கடா" என்பார். அது வோல்டேஜ் இல்லை. பெட்டிக்குள் படத்தை வரையும் சில்லால் ஒரு கிடைவரியில் எட்டு நகரும் உருக்களுக்கு மேல் வரைய முடியாது. ஒன்பதாவது வந்தால் எதையாவது விட்டாக வேண்டும். ஒரே ஆளை நிரந்தரமாக மறைத்துவிட்டால் விளையாட முடியாது என்பதால், விளையாட்டை எழுதியவர்கள் ஒவ்வொரு சட்டகத்திலும் வரிசையை மாற்றிவிட்டார்கள். இந்தச் சட்டகத்தில் இவன் இல்லை, அடுத்ததில் அவன் இல்லை. 2 கிலோபைட் வேலை நினைவகத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நடத்திய குடித்தனம் அது. இன்றும் என்னை அசரவைக்கிறது.

கீழ ராஜ வீதிப் பக்கம் வாடகைக்கு விளையாடவிடும் ஒரு கடை திறந்தபோதுதான் மரியோவைக் கலரில் பார்த்தேன். வானம் அப்படி ஒரு நீலம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்தக் கலரும் ஓரங்களில் நிற்காது. மரியோவின் சிவப்புத் தொப்பி பக்கத்து நீலத்தில் வழியும், குழாய்களின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள் ஊரும். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே ஒயரில் கலந்து அனுப்பினால், டிவியால் அவற்றை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. ஃபேமிகாமின் படச் சில்லே கலந்த சிக்னலைத்தான் வெளியிடும், சிவப்பு பச்சை நீலமாகப் பிரித்துத் தருகிற வகை ஆர்கேட் இயந்திரங்களுக்குப் போனது.

அந்தச் சில்லுக்கு நிறம் என்பது இரண்டு பகுதிகள் கொண்ட ஓர் எண். ஒன்று சாயல், மற்றது வெளிச்சத்தின் படி. வெளிச்சத்துக்கு நான்கே படிகள். ஆமைகளின் ஓட்டுக்கு எடுத்த சிவப்பும் பச்சையும் ஒரே படியில் இருப்பவை, சாயல் மட்டுமே வேறு. கறுப்பு வெள்ளை டிவி சாயலை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் காட்டும். ஆக எங்கள் டிவி எதையும் மறைக்கவில்லை. அதற்கு வந்து சேர்ந்த கணக்கில் இரண்டு ஆமைகளும் உண்மையிலேயே ஒன்றுதான். பல வருடம் கழித்து அந்த நிற அட்டவணையைப் பார்த்தபோது அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாம கண்ணால ஆடல, மனப்பாடமாத்தான் ஆடிருக்கோம்" என்றான்.

இன்னொன்றும் அதேபோலப் பிற்பாடுதான் புரிந்தது. ஜப்பானியப் பெட்டியில் ஓடும் மரியோவை முதன்முதலாகக் கேட்டபோது, பாட்டு அவசரப்படுவதாகத் தோன்றியது. சுருதி அதேதான், தாளம்தான் ஓடுகிறது. காரணம் டிவி. ஜப்பானில் படம் நொடிக்கு 60 முறை மாறும், நம் ஊரின் பால் (PAL) என்னும் டிவி முறையில் 50 முறை. விளையாட்டின் நடையும் பாட்டின் தாளமும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஓரடி என்று கட்டப்பட்டவை. ஆகவே நம் பெட்டியில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துபோகும். 60 நொடி ஓடவேண்டிய பாட்டு 72 நொடி ஓடும். பால் டிவிகளுக்காகத் தைவானில் செய்யப்பட்ட நகல் சில்லுகள் செயலியின் வேகத்தை மட்டும் ஏறக்குறைய ஜப்பானிய அளவிலேயே வைத்திருந்ததால் சுருதி இறங்கவில்லை. படத்திலும் வித்தியாசம் உண்டு. பெட்டி வரைவது 240 வரி, பால் டிவிக்கோ 288 வரி இடம் இருக்கிறது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழ, மரியோ சற்றுக் குட்டையாக, அகலமாகத் தெரிவான். மெதுவாக நடக்கும் அந்தக் குண்டு மரியோதான் எங்களுடையவன்.

பெட்டி 1996 வாக்கில் நின்றுபோனது. ரேடியோ மெக்கானிக் ஒருவர் திருகைக் கழற்றிக் காட்டினார். பலகையின் நடுவில், நாணயம் அளவுக்கு இறுகிப்போன ஒரு கறுப்புச் சொட்டு. அதற்கடியில்தான் செயலி, படம், ஒலி எல்லாம் ஒரே சில்லாக இருந்தன. "இதுல கால் கிடையாது, பேர் கிடையாது. எதத் தம்பி நான் மாத்துறது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை வேறு திசையிலிருந்து வந்தது. அசல் சில்லுகளின் மேலுறையை அமிலத்தில் கரைத்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக வரைந்து வைத்தார்கள் சிலர். வேறு சிலர் வருடக்கணக்கில் அளந்து, எந்தக் கணத்தில் எந்தக் கம்பியில் என்ன நடக்கிறது என்று எழுதினார்கள். அதை வைத்து எஃப்பிஜிஏ என்னும் சில்லில் பழைய சுற்றையே மறுபடி கட்டுகிறார்கள். தயாரித்து முடித்த பிறகும் உள் இணைப்புகளை நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய சில்லு அது. எமுலேட்டரில் ஒரு புரோகிராம் செயலி, படம், ஒலி என்று மாறி மாறி நடித்துக் காட்டும். எஃப்பிஜிஏயில் மூன்றும் பழைய பெட்டியில் இருந்ததுபோல ஒரே நேரத்தில் இயங்கும். கட்டியவரின் அறிவு எவ்வளவோ அவ்வளவுதான் துல்லியம் என்பதும் உண்மை. கெவின் ஹார்டன் வடிவமைத்து 2017இல் அனலாக் நிறுவனம் விற்ற என்டி மினி அந்த வகை. அதே ஆண்டு அலெக்சி மெல்னிகோவ் தொடங்கிய மிஸ்டர் திட்டம், டிஇ10-நானோ என்ற பலகையை வைத்து எவரும் கட்டிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டது. சம்பளம் இல்லாமல் இதற்கு உழைப்பவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை பெரிது.

நான் மிஸ்டர் வாங்கி எச்டிஎம்ஐ ஒயரில் புதிய டிவியோடு இணைத்தபோது ஒவ்வொரு புள்ளியும் கத்தியால் வெட்டிய சதுரமாக நின்றது. அழகுதான். ஆனால் கூர்மைதான் தரம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். 1991இல் சேகா நிறுவனத்துக்கு சோனிக் விளையாட்டை வரைந்தவர்கள் அருவியைச் செங்குத்துக் கோடுகளாக வரைந்தார்கள். கலந்த சிக்னலில் அந்தக் கோடுகள் ஒன்றாகக் கரைந்து, ஊடுருவித் தெரியும் தண்ணீராகிவிடும். கூர்மையான திரையில் அது வெறும் கம்பி வேலி. வாத்து சுடும் விளையாட்டுக்கான துப்பாக்கியோ புதிய டிவியில் வேலையே செய்யாது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி தேடுவது அந்த ஒளியை, அதே கணத்தில். எல்சிடி திரை அதைக் காட்டும்போது நேரம் கடந்திருக்கும்.

ஆகவே பழைய பிக்சர் டியூப் டிவி ஒன்றைத் தேடிப்பிடித்தேன். மிஸ்டரின் மெனுவில் ஜப்பான், ஐரோப்பா முறைகளோடு மூன்றாவதாக டெண்டி என்று ஒன்று இருக்கிறது. 1992இல் ரஷ்யாவில் வந்த நகல் பெட்டியின் பெயர் அது, நம் வீடுகளுக்கு வந்தவற்றின் ஒன்றுவிட்ட சகோதரன். உலகத் துல்லியத்தின் கணக்கில் நகலுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கண்டபோது உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, டிவியில் கலர் திருகைப் பூச்சியத்துக்கு இறக்கினேன். விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் ரிமோட்டைப் பிடித்திருந்தாள். மூன்றாவது ஸ்டேஜ் வந்ததும் அண்ணன் தன்னை அறியாமல், "இது திரும்புற ஆமைம்மா" என்றான். "எப்படிப்பா தெரியும், ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று கேட்டாள்.

சில்லை மறுபடி கட்டிவிடலாம், கட்டிவிட்டார்கள். பிக்சர் டியூப் டிவிகளைச் செய்துவந்த பெரிய நிறுவனங்கள் எப்போதோ நிறுத்திவிட்டன. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிவியோ டிவி கேம் பெட்டியோ மஞ்சள் கேசட்டோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிவியை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். துடைத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இவற்றைப் பாதுகாக்கிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். தேடி, அவர்கள் கையில் சேர்த்துவிடுங்கள்.