நாலு கெஜம் துணி



நீட்டலளவையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்து வருகின்றேன். மில்லிமீட்டர், சென்டிமீட்டர், மீட்டர் என்று அலகுகளை மாற்றும் கணக்குகளை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அத்தகைய நான் ஒரு போர்வைக்குப் பின்துணி வாங்கச் சென்று அளவில் தவறிப்போனேன். பள்ளிக்கூடமே போகாத என் தாயார் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. இதனை வெளியில் சொல்வது சற்று வெட்கமாகத்தான் இருக்கின்றது. எனினும், நம் வகுப்பறைக்கு இதில் ஒரு செய்தி இருப்பதால் எழுதுகின்றேன்.

என் தாயார் ஜாசின் மாவட்டத்து இரப்பர்த் தோட்டமொன்றில் பால் மரம் வெட்டியவர். 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் அவர்கள் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டதிலிருந்து, மலாக்கா மண்ணில் எத்தனையோ தலைமுறைகள் அந்த மரங்களை நம்பி வாழ்ந்தன. அவர்களுள் என் பாட்டியும் அம்மாவும் அடங்குவர். எங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் எந்தத் துணியும் ஒரே பிறவியோடு முடிந்ததில்லை. சேலை கிழிந்தால் ஏணையாகும். ஏணை நைந்தால் குழந்தைக்கு விரிப்பாகும். விரிப்பும் போனால் கைப்பிடித் துணியாகும். இரப்பர்ப் பால் கறை பட்ட இடம் எத்தனை முறை துவைத்தாலும் கருத்தே நிற்கும். அந்த இடத்தை மட்டும் வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தை அம்மா ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைப்பார்.

அந்தப் பெட்டியிலிருந்துதான் அம்மா ஒட்டுப்போர்வைகள் தைத்தார். மலாய்க்காரர்கள் இதனைச் செலிமுட் பெர்ச்சா என்பார்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தா உண்டு. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி உண்டு. ஊர் எதுவானாலும் மூலப்பொருள் ஒன்றே: உடுத்திக் கழித்த துணி.

கடைசியாக அவர் தொடங்கிய போர்வை முடியவில்லை. அப்பாவின் சட்டைகள், எங்கள் பள்ளிச் சீருடைகள், பாத்தேக் கைலிகள் ஆகியவற்றிலிருந்து வெட்டிய சதுரங்களை இணைத்து மேல்பக்கத்தை முடித்துவிட்டார். அதற்குள் கண் அழுத்த நோய் அவருடைய பார்வையின் பெரும்பகுதியை எடுத்துக் கொண்டது. அந்நோயால் இழந்த பார்வை மீளாது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஐந்து ஆண்டுகளாக அந்த மேல்துணி மடித்தபடியே கிடந்தது.

இவ்வாண்டு என் மகளுக்கு வெளிமாநிலத்தில் கல்லூரி இடம் கிடைத்தது. செய்தியைக் கேட்டவுடன் அம்மா பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"பிள்ளை விடுதிக்குப் போறதுக்குள்ள இத முடிச்சிடணும். பின்துணி மட்டும் வாங்கிட்டு வந்துடு, பாப்பா. பிடாங் நாப்பத்தஞ்சுல நாலு கெஜம் போதும். குறுக்கால ஒட்டிக்கலாம்."

எனக்கு அது ஏதோ பழைய நினைவில் சொல்வது போல் தோன்றியது. "சரிம்மா, நான் அளந்து பார்த்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா மறுமொழி கூறவில்லை. நான் அவருடைய சொல்லைத் தள்ளிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மேல்துணியை விரித்து அளவு நாடாவால் அளந்தேன். அகலம் 150 சென்டிமீட்டர். நீளம் 200 சென்டிமீட்டர். நம் நாட்டுத் துணிக்கடைகளில் 'பிடாங் 45', 'பிடாங் 60' என்று துணியின் அகலத்தை அங்குலத்தில் சொல்வார்கள். 60 அங்குலம் என்றால் 152 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 150-ஐ விட 152 பெரிது. ஆகவே பிடாங் 60 துணி வாங்கினால் இணைப்பே தேவையில்லை. ஒரே துண்டாக அழகாக அமைந்துவிடும். இதுதான் என் கணக்கு. நான்காம் ஆண்டு மாணவர் இப்படி எழுதியிருந்தால் நானே சரி என்று குறியிட்டிருப்பேன்.

மலாக்கா ஜாலான் பெண்டாஹாராவில் ஒரு துணிக்கடையில் நல்ல பருத்தித் துணியாகத் தேர்ந்தெடுத்தேன். தெரிவு செய்வதில் மட்டும் அம்மா முன்பு சொல்லித் தந்தவற்றை மறக்கவில்லை. படுக்கை விரிப்புத் துணி கூடாது. அதன் நெசவு நெருக்கமாக இருப்பதால் கையூசி இறங்காது, விரல் வலிக்கும். அடர் சிவப்பு, கருநீலம் ஆகியவை சாயம் விடக்கூடும். சிறு பூக்கள் போட்ட துணி நல்லது. தையல் கோணினாலும் வெளியில் தெரியாது. இவற்றையெல்லாம் பார்த்து, வெளிர் மஞ்சளில் பூப்போட்ட துணியை 2.3 மீட்டர் வாங்கி வந்தேன். தைப்பதற்கு முன் துவைக்க வேண்டும் என்பதால் துவைத்துக் காயப் போட்டேன்.

மறுநாள் மேல்துணியை அதன்மீது விரித்தபோது நெஞ்சு திக்கென்றது. பருத்தித் துணி முதல் துவையலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடியது. என் துணி அகலத்தில் 146 சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. மேல்துணியை மூடவே நான்கு சென்டிமீட்டர் போதவில்லை.

சுருங்காமல் இருந்திருந்தாலும் அது பயன்பட்டிருக்காது என்பது பிறகுதான் விளங்கிற்று. ஒட்டுப்போர்வையின் பின்துணி மேல்துணிக்குச் சமமாக இருக்கக்கூடாது. நான்கு பக்கமும் கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைக்கும்போது துணி உள்நோக்கி இழுபடும். அடுக்குகள் சற்று நகரவும் செய்யும். ஆதலால் ஒவ்வொரு பக்கமும் ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் வரை விட்டு, தைத்து முடித்த பின்னரே ஓரத்தை வெட்டுவார்கள். ஆக எனக்குத் தேவைப்பட்டது 150-க்கு 200 அன்று; ஏறக்குறைய 170-க்கு 220.

அம்மாவிடம் சொல்லாமல் மறைக்கவே முதலில் எண்ணினேன். ஆனால் அவர் கட்டிலில் அமர்ந்தபடியே கையை நீட்டி, இரு துணிகளின் ஓரங்களையும் விரல்களால் தடவிப் பார்த்தார்.

"எட்டலியா?" என்றார்.

"எட்டலம்மா."

அவர் கடிந்து கொள்ளவில்லை. முழங்கையை மேல்துணியின் மீது வைத்துத் தம் கணக்கை எனக்கு விளக்கினார். அதை உங்களுக்கும் எழுதிக் காட்டுகிறேன்.

ஒரு கெஜம் 36 அங்குலம், அதாவது 91.44 சென்டிமீட்டர். இரண்டு முழம் ஒரு கெஜம். இரண்டு சாண் ஒரு முழம். போர்வையின் அகலம் மூன்றேகால் முழம். இரு பக்கமும் ஒரு கையகலம் விட்டால் மூன்றேமுக்கால் முழம். பிடாங் 45 துணியில் அந்த நீளத்திற்கு இரண்டு துண்டுகள் வெட்டினால் ஏழரை முழம். துவையலில் சுருங்குவதற்கு அரை முழம். மொத்தம் எட்டு முழம். அதுவே நாலு கெஜம். இரண்டு துண்டுகளையும் குறுக்காக இணைத்தால் இரு அகலங்களும் சேர்ந்து ஐந்து முழம் வரும். போர்வையின் நீளம் நாலரை முழத்திற்கும் குறைவு. கரையை வெட்டி, தையலுக்கு விட்டு, சுருக்கமும் போனாலும் மேலும் கீழும் கொஞ்சம் மிச்சம் நிற்கும்.

நான் தாளில் சரிபார்த்தேன். இரண்டு துண்டுகளை நெடுக்காக இணைத்தால் 220 சென்டிமீட்டர் வீதம் 4.4 மீட்டர் வேண்டும். அம்மா சொன்னபடி குறுக்காக இணைத்தால், சுருக்கத்தையும் சேர்த்து 3.6 மீட்டர் அளவே ஆகும். நாலு கெஜம் என்பது 3.66 மீட்டர். கண் தெரியாத ஒருவர் கட்டிலில் அமர்ந்தபடி மனத்திலேயே போட்ட கணக்கு இது! நம் நாட்டில் எடை, அளவைச் சட்டம் 1972-இல் வந்தது. மெட்ரிக் அளவையும் நடைமுறைக்கு வந்தது. நாம் மீட்டருக்கு மாறிய வேகத்தில், முழத்தில் அளந்தவர்களுக்குக் கணக்கே தெரியாது என்று எண்ணத் தொடங்கிவிட்டோமோ?

வாங்கிய துணி வீணாகுமே என்று வருந்தினேன். அதற்கும் அம்மா வழி சொன்னார். துணியை நடுவில் நெடுக்காக வெட்டி இரண்டாக்கி, இடையில் வேறொரு பட்டையை வைத்துத் தைத்தால் அகலம் கூடிவிடும். எனக்குத் தேவைப்பட்ட பட்டையின் அகலம், தையலுக்கு விடுவதையும் சேர்த்து, 28 சென்டிமீட்டர்.

"ஏணச் சேலைய எடு" என்றார் அம்மா.

பெட்டியின் அடியில் அது இருந்தது. நூல் சேலை, பச்சை நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. நானும் என் தம்பி தங்கையும் அதில்தான் உறங்கினோம். பின்னர் என் மகளுக்கும் அதையே ஏணையாகக் கட்டினோம். அதை வெட்ட எனக்குக் கை வரவில்லை. "வேண்டாம்மா, இது நினைவா இருக்கட்டும்" என்றேன்.

"பெட்டிக்குள்ள இருந்தா யாருக்கு நினைவு? அந்தப் பிள்ளை போத்திக்கிட்டுப் படுக்கட்டும்."

நான் வெட்டினேன். பழந்துணி மெலிந்திருந்ததால், சேலையின் அகலத்தில் பாதியை எடுத்து இரட்டையாக மடித்துப் பட்டையாக்கினோம். மலாக்கா வெயிலுக்குப் பஞ்சு அடுக்கு தேவையில்லை. இலவம்பஞ்சும் நழுவி ஓரிடத்தில் திரண்டுவிடும். ஆகவே நடுவில் ஒரு பழைய விரிப்பையே வைத்து, மூன்று அடுக்குகளையும் ஊக்குகளால் பிணைத்தோம். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். அம்மா இடக்கைக் கட்டைவிரலை அளவாக வைத்து ஓட்டுத் தையல் போடுவார். வரிசை கோணும்போது மட்டும் நான் சொல்வேன். சில மாலைகளில் அவர் பாட்டியிடம் கேட்ட கதைகளைச் சொல்வார். ஜப்பானியர் காலத்தில் துணியே கிடைக்காமல் தோட்டத்து மக்கள் சாக்கை உடுத்திய கதை அவற்றுள் ஒன்று.

அதே காலத்தில், 1942-இல், சிங்கப்பூர் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்களும் ஒட்டுப்போர்வைகள் தைத்தனர். அவற்றுள் மூன்று போர்வைகள் ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்டவை. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டும் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் உள்ளன. சிறையிலிருந்த சாரணச் சிறுமியரும் தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸ் அவர்களுக்காகக் கிழிந்த துணிகளை அறுகோணங்களாக வெட்டி ஒரு போர்வை தைத்தனர். அது இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. நம் தோட்டத்துப் பெண்கள் தைத்தவை எந்தக் காட்சிக்கூடத்திலும் இருக்கக் காணேன். அவை உபயோகித்தே தேய்ந்து போயின.

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

இந்தக் கணக்கையே ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன். "150-க்கு 200 சென்டிமீட்டர் போர்வைக்குப் பின்துணி எவ்வளவு வாங்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். பெரும்பாலோர் உடனே பெருக்கிப் பரப்பளவைக் கண்டுபிடித்துவிட்டுக் கை உயர்த்தினர். பின்வரிசையில் ஒரு மாணவன் எழுதவே இல்லை. கணிதத் தேர்வுகளில் எப்போதும் பின்தங்குபவன் அவன். "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"டீச்சர், துணி எந்த பிடாங்னு நீங்க சொல்லலியே" என்றான்.

அவன் தாயார் தீபாவளிக் காலத்தில் வீட்டில் தையல் வேலை எடுப்பவர். நான் கேட்கத் தவறிய கேள்விகளை அவன் வரிசையாகக் கேட்டான். துவைத்த துணியா? பூ ஒரே பக்கம் பார்த்திருக்குமா? எத்தனை விரல் விட வேண்டும்? இத்தனை நாள் அவனுடைய விடைத்தாளில் நான் சிவப்பு மையால் சுழித்தவற்றை எண்ணிப் பார்த்தேன். அவனுக்குக் கணக்கு வராது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். வீட்டில் அவன் அன்றாடம் செய்து வந்த கணக்கைப் பற்றி நான் ஒரு நாளும் அவனிடம் கேட்டதில்லை. அம்மாவின் நாலு கெஜத்தைக் காதில் வாங்காததும் இதுவும் ஒரே தவறுதான்.

மறுவாரம் அவனைக் கரும்பலகையின் முன் நிறுத்தினேன். அளவு நாடாவையும் ஒரு பழைய கைலியையும் கொடுத்து, வகுப்பிற்கு அவனே விளக்கும்படி சொன்னேன். முதலில் தயங்கினான், பிறகு அவனை நிறுத்துவதே கடினமாகிவிட்டது. அவன் எழுத்துத் தேர்வில் உடனே முதலிடம் வந்துவிட்டான் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் இப்போது அவன் முன்வரிசையில் அமர்கிறான், புரியாவிட்டால் கேட்கிறான்.

ஆசிரிய நண்பர்களே, நீட்டலளவைப் பாடம் வரும்போது மாணவர்களின் வீட்டுப் பெரியவர் ஒருவரை வகுப்பிற்கு அழைத்துப் பாருங்கள். முழத்தையும் சாணையும் சென்டிமீட்டரோடு ஒப்பிட்டு அளக்கச் செய்யுங்கள். பெற்றோர்களே, நீங்கள் வீட்டில் தைக்கும்போதும் சமைக்கும்போதும் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். "எனக்கு என்ன தெரியும், டீச்சரைக் கேள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மகள் விடுதிக்குச் செல்லும் நாளுக்குள் போர்வை முடியவில்லை. பாதிக்கு மேல் ஆகியிருக்கிறது. "அவசரப்பட்டா தையல் இழுக்கும், விடுமுறைக்கு வரும்போது கொடுத்துக்கலாம்" என்கிறார் அம்மா. நேற்றிரவு நூல் தீர்ந்துவிட்டது. இன்று பள்ளி முடிந்து வரும் வழியில் வாங்க வேண்டும். எத்தனை கட்டை வாங்குவது என்று இம்முறை அம்மாவைக் கேட்டுக்கொண்டேன்.