இடம் கேட்கும் ஆறு

அயோவா ஆற்றுக்குப் பிறப்பிடம் என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு மலையோ சுனையோ கிடையாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வடக்கே ஹான்காக் மாவட்டத்துச் சமவெளியில் இரண்டு சிற்றாறுகள் தனித்தனியே ஊர்ந்து வந்து, பெல்மாண்ட் என்ற சிறிய ஊரில் கூடுகின்றன. அங்கிருந்து தென்கிழக்காக இறங்கி மிசிசிப்பியில் சேரும் வரை சுமார் 520 கிலோமீட்டர். வழியில் இருக்கும் அயோவா சிட்டி என்ற பல்கலைக்கழக நகரத்தால்தான் வெளியுலகத்துக்கு இந்த ஆறு தெரியும். 2008இல் அந்த நகரத்துக்குள் வெள்ளம் புகுந்தது. அந்தக் கதையை நகரத்தில் தொடங்கினால் பாதிதான் விளங்கும். இந்த வயல்வெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற நிலம் இது. வடிகால் சரியாக அமையாத, திரும்பிய பக்கமெல்லாம் குட்டைகள் நிறைந்த சமவெளி. ஆளுயரப் புல்லும் சதுப்பும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு ஆற்றுக்கு மெல்ல விட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே குடியேறிய விவசாயிகள் சுட்ட களிமண் குழாய்களை மூன்று நான்கு அடி ஆழத்தில் வரிசை வரிசையாகப் புதைத்தார்கள். மண்ணின் ஈரம் குழாய்களின் இடுக்குகளில் கசிந்து, வாய்க்காலுக்கு வந்து, ஆற்றில் விழும். இப்போது களிமண்ணுக்குப் பதில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய். இப்படித்தான் சதுப்பு மக்காச்சோள வயலானது. பழைய புல்வெளியில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை.

உரத்தின் நைட்ரேட்டும் அதே குழாய் வழியே இறங்குகிறது. மிசிசிப்பி அதைச் சுமந்துபோய் மெக்சிகோ வளைகுடாவில் சேர்க்கிறது. அங்கே கோடைதோறும் ஆக்சிஜன் வற்றி மீன்கள் வாழ முடியாத கடற்பரப்பு உருவாகிறது. விவசாயியைக் குற்றவாளி ஆக்கிவிட்டு நகர எனக்கு மனமில்லை. குழாய் இல்லாவிட்டால் வசந்தத்தில் டிராக்டர் வயலில் இறங்காது. குழாய் வந்து விழும் இடத்தில் சிறு சதுப்புகளை அரசு உதவியோடு திரும்ப உருவாக்கி, நைட்ரேட்டை அங்கேயே தடுக்கிற விவசாயிகளும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். பெருவெள்ளத்தில் குழாய்களின் பங்கு எவ்வளவு என்பதில் நிபுணர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால் மழையைத் தாங்கி நிறுத்த மேலே இருந்த ஏற்பாடு போய்விட்டது என்பதில் விவாதமே இல்லை.

அயோவா ஃபால்ஸில் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஆறு அழகாக வளைகிறது. எல்டோராவைக் கடந்து மார்ஷல்டவுன் வருகிறது. இறைச்சி ஆலையை நம்பி மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர். 2018இல் சூறாவளி அதன் நீதிமன்றக் கோபுரத்தைச் சாய்த்தது. இரண்டே வருடத்தில் இன்னொரு பெரும்புயலும் இதே ஊரைத் தாக்கியது.

டாமா அருகே கொஞ்சம் நிற்க வேண்டும். மெஸ்குவாக்கி மக்கள் 1840களில் இந்த மண்ணிலிருந்து கான்சாஸுக்குத் துரத்தப்பட்டவர்கள். சிலர் போகாமல் மறைந்து வாழ்ந்தார்கள். போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். அவர்கள் தங்கியிருக்கலாம் என்று 1856இல் மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தது. அடுத்த வருடம் தங்களிடமிருந்த பணத்தைத் திரட்டி, அயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கர் விலைக்கு வாங்கினார்கள். பூர்வகுடிகளை ஒதுக்குநிலங்களில் அரசு அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், சொந்தக் காசில் சொந்த ஆற்றுக்குத் திரும்பியவர்கள் இவர்கள். இன்று அவர்களிடம் 8,000 ஏக்கருக்கும் மேல் இருக்கிறது. இந்த ஆற்றின் முழு நீளத்திலும் என் மனம் அதிகம் வணங்குகிற இடம் இதுதான்.

அடுத்து அமானா. 1855இல் இங்கே வரத் தொடங்கிய ஜெர்மானியப் பக்தர்கள் ஏழு கிராமங்களை அமைத்து, 1932 வரை சொத்தையும் சமையலையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். ஆலைகளை ஓட்ட ஆற்றிலிருந்து அவர்கள் வெட்டிய கால்வாய் இன்னும் இருக்கிறது.

அமானாவுக்குக் கீழே ஆறு அகன்று ஏரியாகிறது. ராணுவப் பொறியாளர் படை கட்டிய கோரல்வில் அணை 1958இல் முடிந்தது. மதகைத் திறப்பதும் மூடுவதும் அதிகாரிகளின் கையில். ஆனால் நீர்மட்டம் உபரிநீர்ப் போக்கியின் விளிம்பைத் தாண்டிவிட்டால் அப்புறம் எந்தக் கையும் அதைக் கட்டுப்படுத்த முடியாது. 35 வருடம் அது தாண்டவே இல்லை. 1993 கோடையில் தாண்டியது. 28 நாள் விடாமல் வழிந்தது. வழிந்த நீர் ஒரு சாலையையும் முகாம் திடலையும் அரித்துக்கொண்டுபோய், மண்ணுக்கு அடியிலிருந்த பாறையைத் துடைத்து வைத்தது. 37 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய வெப்பக் கடலின் தரை அது. குனிந்து பார்த்தால் காலடியில் பவளங்கள், மடிந்த சிப்பிகள், கடல் அல்லிகளின் தண்டுத் துண்டுகள். இந்த டெவோனியப் பாறைவெளியைப் பார்க்க மக்கள் குழந்தைகளோடு வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

அணைக்குக் கீழே சில கிலோமீட்டரில் அயோவா சிட்டி. 2020 கணக்கெடுப்பில் 75,000க்குச் சற்றுக் குறைவான மக்கள். அதோடு 30,000 அளவில் மாணவர்கள். 1839இல் தலைநகரமாகவே திட்டமிட்டு உருவாக்கிய ஊர். 1857இல் தலைநகரம் டெ மாய்னுக்குப் போனதும், மேட்டின்மேல் நிற்கும் பொன்நிறக் குவிமாடம் கொண்ட பழைய சட்டமன்றக் கட்டடம் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறை 1936இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் வகுப்புகள் ஆற்றங்கரைத் தகரக் கொட்டகைகளில் நடந்தன. ஃப்ளானரி ஓ'கானர் அந்தக் காலத்து மாணவி. 1967இல் பால் எங்கிளும் நியே ஹுவாலிங்கும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிற்பாடு நோபல் பெற்ற ஓரான் பாமுக்கும் மோ யானும் அதில் பங்கேற்றவர்கள்.

1973இல் அந்தத் திட்டத்துக்குச் சென்னையிலிருந்து அசோகமித்திரன் போனார். ஜான் சீவரும் ரேமண்ட் கார்வரும் பட்டறையில் கற்பித்த பருவம் அது. அந்த மாதங்களிலிருந்து பிறந்ததுதான் ‘ஒற்றன்’. அதைப் படித்த தமிழ் வாசகருக்கு, எழுத்தாளர்கள் தங்கிய மேஃப்ளவர் கட்டடமும் அயோவா சிட்டியின் குளிரும் ஏற்கெனவே பழக்கம். அந்தக் கட்டடம் ஆற்றை ஒட்டிய டியூபக் தெருவில்தான் இருக்கிறது.

இதே கரையில் இன்னொரு பழைய கட்டடமும் உண்டு: நீரியல் ஆய்வுக்கூடம். ஒரு நூற்றாண்டாக நீரின் ஓட்டத்தை ஆராய்ந்து, உலகம் முழுதும் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற நிறுவனம். அப்படிப்பட்ட பல்கலைக்கழகம், அணை இருக்கிறது என்ற தைரியத்தில், ஆற்றின் தாழ்வான கரையில் கலை அருங்காட்சியகத்தையும் இசைப் பள்ளியையும், 1972இல் ஹேன்சர் அரங்கத்தையும் கட்டியது. அணை சின்ன வெள்ளங்களை உண்மையிலேயே தடுத்தது. அதனால் பெரிய வெள்ளம் ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிற்று. 1993இல் ஆறு எச்சரித்தும் கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

2008 ஜூனில் அணை மறுபடி வழிந்தது. நகரில் 22 அடி தாண்டினாலே வெள்ளம். ஜூன் 15 அன்று 31.53 அடி. 1993ஐவிட மூன்றடி அதிகம். பல்கலைக்கழகத்தின் இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் தண்ணீர் புகுந்தது. அதற்கு முன்பே மாணவர்களும் ஊர்க்காரர்களும் முக்கிய நூலகத்தின் படிக்கட்டுகளில் வரிசையாக நின்று, அடித்தளத்திலிருந்த புத்தகங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் கைமாற்றி மேலே ஏற்றிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் ஜாக்சன் பொல்லாக்கின் ‘மியூரல்’ இருந்தது. பெகி குகன்ஹைம் கொடையாகத் தந்த, எட்டடி உயரமும் சுமார் இருபதடி நீளமும் கொண்ட ஓவியம். தண்ணீர் வருமுன் அதை வெளியேற்றினார்கள். அதன்பின் 14 வருடம் அது ஊர் ஊராகத் தங்கி, லாஸ் ஏஞ்சலிஸில் துப்புரவு செய்யப்பட்டு, ஐரோப்பா வரை போய், 2022இல்தான் புதிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. புதிய ஹேன்சர் அரங்கம் 2016இல் மேட்டில் எழுந்தது. வெள்ளம் வடிந்த அதே 2008இன் கடைசியில்தான் யுனெஸ்கோ அயோவா சிட்டியை இலக்கிய நகரமாக அறிவித்தது.

மறு வருடம் அந்த நீரியல் கூடத்திலேயே மாநில வெள்ள ஆய்வு மையம் பிறந்தது. பாலத்தின் கைப்பிடியில் பொருத்திய சிறு பெட்டி; மேலே சூரிய மின்தகடு. பெட்டி கீழே ஒலித்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தைக் கணக்கிட்டு, கைப்பேசி அலைவரிசையில் அனுப்புகிறது. மாநிலம் முழுதும் பாலங்களில் இவை இருக்கின்றன. எந்த ஊர்க்காரரும் தன் ஆறு எந்த அளவில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். வெள்ளம் இந்த ஊருக்குக் கொடுத்தவற்றில் ஆகச் சிறந்தது இதுவே என்று நினைக்கிறேன்.

கொலம்பஸ் ஜங்ஷனில் சீடர் ஆறு வந்து கலக்க, ஆறு பருக்கிறது. வாபெல்லோவுக்கு அப்பால் கரைகளுக்கு இருபுறமும் தட்டையான வயல்கள். மிசிசிப்பியைச் சேரும் இடத்தருகே டூல்ஸ்பரோவில், ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஹோப்வெல் மக்களின் மண்மேடுகள் உயரமான குன்றின்மேல் இருக்கின்றன. எதிர்ப்பக்கத் தாழ்நிலத்தில் ஓக்வில். 2008 ஜூனில் அதன் மண்கரை உடைந்து ஊரே மூழ்கியது. தொழுவங்களிலிருந்து நீந்தித் தப்பிய பன்றிகள் கரைமேல் ஏற, கரை பலவீனப்படும் என்று அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். பிறகு கரையைத் திரும்பக் கட்டினார்கள்.

அங்கிருந்து சற்று மேலே, ஹார்ஸ்ஷூ பெண்ட் பகுதியில் வேறு முடிவு எடுத்திருந்தார்கள். 1993 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே கரை கட்டவில்லை. விவசாயிகள் நிலத்தை விற்றார்கள். அது இப்போது போர்ட் லூயிசா தேசிய வனவிலங்குக் காப்பகத்தின் ஒரு பிரிவு. அங்கே ஆறு தன் போக்கில் பரவி வடிகிறது. நிலத்தை விட்டுக்கொடுப்பது அந்தக் குடும்பங்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது. வெள்ளம் போன பிறகு நிவாரணமாகக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கையாவது, வருவதற்கு முன்பே இப்படி நியாயமான விலை கொடுத்து நிலம் வாங்கச் செலவிடலாம். பெல்மாண்டிலிருந்து மிசிசிப்பி வரை அதற்கு இடமிருக்கிறது.