வெயிலுக்கு வந்த பஞ்சம்

திருநெல்வேலிச் சீமையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரேனும் உரைத்தால் ஊரே நகைக்கும். அச்சீமையினின்று தாராவிக்கு வந்து, பின்னர்ச் செம்பூரில் குடியமர்ந்த நம் வீட்டிற்குள் அப்பஞ்சமே சென்ற ஆண்டு புகுந்தது.

கல்லூரியில் பயிலும் நம் மகள், சில திங்களாக இடுப்பும் காலும் நோவதாகக் கூறிவந்தாள். படிப்பின் அயர்ச்சி என்று நாம் பொருட்படுத்தவில்லை. மாடிப்படி ஏற அவள் கைப்பிடியைப் பற்றிய நாளில்தான் மருத்துவரை நாடினோம். குருதியில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமேனும் இருக்க வேண்டிய வைட்டமின் டி, அவளுக்கு 8 இருந்தது. “வெயிலில் செல்வதுண்டா?” என்று மருத்துவர் வினவினார். அவள் விடை கூறாமல் நம்மைப் பார்த்தாள். “வெயிலில் நிற்காதே, கறுத்துவிடுவாய்” என்று சிறு பருவம் முதல் அவளைத் தடுத்தவர் நாமே அல்லமோ?

அதன்பின் இப்பொருள் பற்றித் தேடிப் படித்தோம். கதிரவனின் புற ஊதாக் கதிர் தோலில் படுங்கால், அங்குள்ள கொழுப்புப் பொருளினின்று வைட்டமின் டி உருவாகிறது. அது குறைந்தால், நாம் உண்ணும் கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் போதிய அளவு ஏற்பதில்லை, எலும்பு மெலிகிறது. சப்பானில் பணியாற்றிய தியோபால்டு பாம் என்னும் பிரித்தானிய மருத்துவர், 1890ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையைக் கண்டார். கரிப்புகை சூழ்ந்த இங்கிலாந்து நகரங்களில் மலிந்திருந்த குழந்தைகளின் எலும்பு நோய், வெயில் மிக்க கீழை நாடுகளில் அரிதாக இருந்தது. அக்கீழை நாட்டின் மக்களாகிய நாமோ இன்று வெயிலிழந்து நிற்கிறோம்.

மும்பை வாழ்வை எண்ணுமின். தாராவியின் சந்துகளில் நண்பகலிலும் விளக்கெரிகிறது. நம்போன்ற எழுத்தர் காலை ரயிலேறி, குழல்விளக்கின்கீழ்ப் பணிசெய்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். சன்னலோரம் அமர்ந்தாலும் பயனில்லை. கண்ணாடி வெளிச்சத்தை விட்டு, வேண்டிய கதிரைத் தடுத்துவிடுகிறது. சூன் முதல் செப்டம்பர் வரை மழைமேகம் வேறு.

உணவால் மட்டும் ஈடுசெய்யலாமா எனக் கணக்கிட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவு நாளொன்றுக்கு 600 அலகு. ஒரு முட்டையின் மஞ்சட்கருவில் கிடைப்பதோ ஏறத்தாழ 40. பதினைந்து முட்டையை எவர் உண்பார்? இங்கே தார்லி, பாங்கடா எனப்படும் மத்தியும் அயிலையும் நல்ல துணை. மரக்கறி உண்போர், வைட்டமின் ஊட்டிய பாலையும் எண்ணெயையும் உறை பார்த்து வாங்கலாம். மாத்திரையை மருத்துவர் சொல்லுக்கு மேல் விழுங்கினால் நஞ்சாகும்.

வெயிலிலும் ஒரு நுட்பம் உண்டு. இளவெயிலே சிறந்தது என்பது நம் நம்பிக்கை. ஆயின் அவ்வேளையில் இக்கதிர் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தினும் குறுகும் வேளையே ஏற்றது. கரிய தோல், கடும் வெயிலைத் தாங்க இயற்கை நெய்த ஆடை. ஆதலின் வெளிறிய தோலினரினும் நமக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வெயிலை மிகுதியும் வேண்டுவோர் நாம். அதனை மிகுதியும் அஞ்சுவோரும் நாமே.

செய்தியறிந்த நம் அன்னையார் சொன்னது ஒன்றே: “வடகத்த வெயில்ல போடத் தெரியுது, புள்ளய மட்டும் நிழல்லயே வச்சிட்டியளே!” தாராவித் தகரக் கூரையில் வடகம் காயவைத்து, காக்கை விரட்டிக் காவலிருந்த கைகள் அவருடையவை.

மருந்தாலும் வெயிலாலும் ஆறு திங்களில் மகளின் அளவு 27 ஆயிற்று, நோவும் தணிந்தது. ஞாயிறுதோறும் முற்பகலில், கைகால்களில் வெயில் பட, பாட்டியும் பெயர்த்தியும் மொட்டைமாடியில் கால்மணி நேரம் அமர்கின்றனர். சென்ற வாரம் அவள், “அப்பா, கறுத்துவிட்டேனா?” என்று சிரித்தவாறு கேட்டாள். “ஆம், அம்மா” என்றோம். அச்சொல்லைக் குறையாக அன்றி மகிழ்வாக நாம் கூறியது அதுவே முதன்முறை.