எச்சரிக்கையின் மொழி

2021 நவம்பர் மழையில் திருப்பதியை அடுத்த ராயலசெருவு ஏரியின் கரை கசிந்தபோது, அதன் கீழிருந்த ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். அத்தகைய நாளுக்கென எடுத்துவைக்க வேண்டியவை பலரும் அறிந்தவையே: குடிநீர், மருந்து, டார்ச், ஆதார், நிலப்பத்திரம். எல்லையோரக் குடிபாலாவில் இன்னொன்றும் தேவை. தெலுங்கில் ‘கட்ட’ என்பது ஏரிக்கரை. ‘கண்டி’ என்பது உடைப்பு. காட்பாடிப் பக்கத்திலிருந்து அண்மையில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கு முன்னது விறகுக்கட்டையாகவே கேட்கும். பின்னது விளங்கவே விளங்காது. (சந்தையில் பழகும் தெலுங்கில் இச்சொற்கள் இப்பொருளில் பெரும்பாலும் வருவதில்லை.) நள்ளிரவு மழையில் ஒலிபெருக்கி வண்டி தெருவைக் கடக்கச் சில நொடிகளே ஆகும். அண்டை வீட்டாரை எழுப்பிப் பொருள் கேட்க அவகாசமிராது. அந்த அறிவிப்போடு நான்கு தமிழ்ச் சொற்களையும் முன்னரே ஒலிப்பதிவு செய்து வைக்கலாம்: ஏரி உடைகிறது, மேட்டுக்குப் போங்கள்.