புள்ளிருக்குவேளூரில் ஒரு நன்றிக் காணிக்கை

சோழவளநாட்டில் காவிரியின் வடகரைத் தலங்களுள் புள்ளிருக்குவேளூர் தனிச் சிறப்பு உடையது. இன்று வைத்தீஸ்வரன்கோயில் என்று நாம் வழங்கும் திருத்தலம் அதுவே. புள்ளாகிய சடாயுவும், இருக்கு வேதமும், வேளாகிய முருகப்பெருமானும், ஊர் எனப்படும் சூரியனும் வழிபட்டமையால் இப்பெயர் அமைந்தது என்று தலபுராணம் கூறும். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய தலம். தருமபுரம் ஆதீனத்தின் அருளாட்சியில் விளங்குவது.

இங்கே மேற்கு நோக்கி எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமம் வைத்தியநாதர். அம்பிகை தையல்நாயகி. பிணி தீர்க்க வந்த பெருமானுடன் அன்னையும் தைலமும் மருந்தும் ஏந்தி வந்தாள் என்பது ஐதிகம். அங்காரகன் தன் நோய் நீங்கப்பெற்ற தலமாதலால் செவ்வாய்க்கிழமைதோறும் பெருங்கூட்டம் கூடும். பல குடும்பங்களுக்கு இப்பெருமானே குலதெய்வம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

சென்ற மாதம் அடியேன் இத்தலத்தைத் தரிசித்தேன். இது வேண்டுதலுக்கான பயணம் அன்று; நன்றி செலுத்துவதற்கான பயணம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஐந்தாம் ஆண்டில் எனக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மருந்துகளால் நோய் அடங்கிய பின், அது மீளாதிருக்க எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவை என்றனர் மருத்துவர்கள்.

பெயரைக் கேட்டதும் எலும்பை அறுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றே பலரும் அஞ்சுகின்றனர். அவ்வாறு இல்லை. முதலில் கடும் மருந்துகளால் நோயுற்ற மஜ்ஜையை அழிக்கிறார்கள். பின்னர் பொருத்தமான கொடையாளியிடமிருந்து பெற்ற ஸ்டெம் செல்களை, இரத்தம் ஏற்றுவது போலவே நரம்பின் வழியே செலுத்துகிறார்கள். அவை தாமே வழியறிந்து எலும்பின் உள்ளே சென்று குடியேறி, புதிய இரத்தத்தை உண்டாக்குகின்றன. வழிகாட்ட யாருமின்றி அவை தமக்குரிய இடத்தை எப்படி அடைகின்றன என்று எண்ணும்போதெல்லாம் என் கைகள் தாமே குவிகின்றன.

உடன்பிறந்தார் ஒருவரின் செல்கள் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். எனக்கு உடன்பிறந்தோர் மூவர். இருவருக்குப் பொருந்தவில்லை. கடைசித் தம்பிக்குப் பொருந்தியது. நாகப்பட்டினம் பக்கம் விவசாயம் பார்ப்பவன். தொடர்ந்து சில நாள் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் வலி எடுத்தது. பிறகு இரு கைகளிலும் குழாய் பொருத்தி, பல மணி நேரம் இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுழற்றிச் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். "வலிக்கிறதாடா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "அண்ணா, கதிர் அறுக்கிற இடுப்பு வலியைவிட இது ஒன்றும் பெரிதில்லை. நீங்கள் தைரியமாக இருங்கள்" என்றான்.

செல்கள் ஏறிய நாளைப் பூஜ்ய நாள் என்று குறித்து, அதிலிருந்து நாட்களை எண்ணுகிறார்கள். வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாமலே போன அந்நாட்களில் தனியறை வாசம். வாயெல்லாம் புண், ஒரு வாய் நீரும் இறங்காது. என் மனைவியையும் கண்ணாடிக்கு அப்பால்தான் கண்டேன். உரக்க நாமம் சொல்ல வலிமையில்லை; ஐந்தெழுத்தை மனத்துள் உருட்டிக்கொண்டே கிடந்தேன். பதினேழாம் நாள் காலையில் செவிலியர் ஒருவர், "ஐயா, உங்கள் தம்பியின் அணுக்கள் வேலையைத் தொடங்கிவிட்டன" என்றார். இறைவன் அன்று அந்தப் பெண்ணின் குரலில்தான் பேசினான்.

இன்று என் இரத்த வகையும் மாறிவிட்டது. ஓ பாசிட்டிவாக இருந்தவன் இப்போது தம்பியைப் போலப் பி பாசிட்டிவ். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பயன் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், அவற்றை மறுபடியும் போட வேண்டும். அறுபத்தாறு வயதில் பேரனுக்குரிய ஊசிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டேன். குமரகுருபரர் முத்துக்குமாரசாமி மீது பிள்ளைத்தமிழ் பாடியது இத்தலத்தில் எழுந்தருளிய பெருமானுக்கே. அந்தச் சந்நிதியில் நின்றபோது, நானும் ஒரு பிள்ளையாகவே நிற்பதாக உணர்ந்தேன்.

சிகிச்சை முடிந்து பதினான்கு மாதங்களுக்குப் பின்னரே மருத்துவர் பயணத்துக்கு இசைந்தார். அதற்கும் நிபந்தனைகள் இருந்தன. கூட்டம் மிகுந்த நாள் கூடாது, முகக்கவசம் வேண்டும், குளத்து நீர் ஆகாது, மண், சாம்பல், பச்சைப் பூக்கள் ஆகியவற்றைத் தொடலாகாது, வெளியில் சமைத்ததை உண்ணலாகாது. அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சித்தாமிர்தத் தீர்த்தத்தில் நீராடி வெல்லம் கரைப்பது இத்தலத்து மரபு. மண்ணும் திருநீறும் தீர்த்தமும் சேர்த்து, மந்திரம் ஓதி உருட்டி, அம்பிகை திருமுன் வைத்து வழங்கும் திருச்சாந்துருண்டையே இத்தலத்தின் அருமருந்து. இத்தலத்தில் பிணியாளர் நாடும் அனைத்துமே எனக்கு விலக்கு!

ஆகவே ஒரு வியாழக்கிழமை காலையில், மனைவியும் தம்பியும் உடன்வரச் சென்றேன். குளக்கரைப் படியில் நான் தள்ளி நிற்க, தம்பி எனக்காக வெல்லத்தைக் கரைத்தான். உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்தினோம். சிகிச்சையில் கொட்டிப்போன தலைமுடி மீண்டும் வளர்ந்திருந்தது. மொட்டை அடிக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோலால் மனைவி பூமுடி எடுத்துத் தந்தாள். மருந்து கொண்டுபோன முடி ஒன்று. மனமுவந்து கொடுத்த முடி இது.

சுவாமி சந்நிதியில் திருநீற்றையும் உருண்டையையும் நீட்டிய குருக்களிடம் என் நிலையைத் தயங்கியபடியே சொன்னேன். அவர் சிறிதும் முகம் கோணவில்லை. "அதனால் என்ன? அம்மாவிடம் கொடுக்கிறேன், வீட்டில் பூஜையில் வையுங்கள். வைத்தியர் வேண்டாம் என்றால் வைத்தியநாதரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்" என்றார். என் மனத்திலிருந்த குறை அந்தக் கணமே நீங்கியது.

பிராகாரத்தில் சடாயு குண்டம் உள்ளது. சீதாபிராட்டிக்காக இராவணனுடன் போரிட்டு உயிர்நீத்த சடாயுவுக்கு, இராமபிரான் ஒரு மகனைப் போல இறுதிக் கடன் ஆற்றியது இங்கே என்பது தலவரலாறு. பரம்பொருளே ஒரு பறவைக்கு நன்றிக்கடன் செலுத்திய இடம் அது. சடாயுவின் அண்ணன் சம்பாதி, தம்பியைச் சூரிய வெப்பத்திலிருந்து காக்கத் தன் சிறகை விரித்து, அது கருகி வீழ்ந்தவன். என் விஷயத்தில் அண்ணனைக் காக்கத் தம்பி சிறகு விரித்தான். குண்டத்தின் அருகே தம்பியின் கையைப் பற்றிக்கொண்டேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

வங்கியில் கடன் அடைந்தால் நிலுவை இல்லை என்று சான்று தருவோம். நான் பட்ட கடனுக்கு அப்படியொரு சான்று கிடையாது. தம்பியையாவது கையால் தொடலாம். எனக்கு ஏற்றிய பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களைத் தந்த அன்பர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவற்றை ஐந்து நாளுக்கு மேல் சேமிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் தம் வேலையை விட்டுவிட்டு வந்து கொடுத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத அவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கிருக்கும் ஒரே முகவரி இந்தச் சந்நிதிதான். அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் ஒரு தீபம் ஏற்றச் சொன்னேன். மருந்தும் மருத்துவரும் கொடுத்தவர் கையும் அவன் அருளின் வேறு வேறு வடிவங்களே என்று தெளிந்தேன். தையல்நாயகி மருந்தேந்தி நிற்பதன் பொருளும் அதுதானே?

நோயிலிருந்து தேறிவரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மருத்துவர் இசைவு தந்த பின்னரே தலயாத்திரை மேற்கொள்ளுங்கள். செவ்வாய், கிருத்திகை நாட்களைத் தவிர்த்தால் நிம்மதியாகத் தரிசிக்கலாம். மருந்தை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். உங்கள் இல்லத்து இளைஞர்களிடம் இரத்ததானம் பற்றிச் சொல்லுங்கள். அதுவும் ஒரு சிவபூஜையே.

வைத்தீஸ்வரன்கோயில், மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் இடையே அமைந்துள்ளது. இரு ஊர்களிலிருந்தும் பேருந்து வசதி உண்டு. ஊருக்கு இரயில் நிலையமும் உண்டு. நவக்கிரகங்கள் ஒரே வரிசையில் நிற்பதையும், தலவிருட்சமாகிய வேம்பையும் தவறாமல் தரிசியுங்கள். தையல்நாயகி உடனுறை வைத்தியநாதப் பெருமான் அனைவருக்கும் பிணியற்ற வாழ்வை அருள்வானாக.