இரவுமுறையும் இதயமும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, விடுதி வாழ்வைப் பற்றி எழுதவே எண்ணினேன். விடியற்காலை மணியோசைக்கு முன்னரே கண் விழிக்கும் பழக்கம் எமக்கு எங்ஙனம் வந்தது எனச் சிந்திக்கத் தொடங்கியதும் எண்ணம் வேறு திசையிற் சென்றுவிட்டது. மணியடிப்பவர் பிந்திய நாட்களிலும் நாம் பிந்தியதில்லை. உள்ளே வேறொரு மணி அடித்திருக்கிறது.

1729 இல் ட மெய்ரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கி இனச் செடியொன்றை இருளில் வைத்தார். கதிரவனைக் காணாமலே அதன் இலைகள் பகலில் விரிந்து இரவிற் கூம்பின. மனிதருக்கு அக்கடிகாரம் மூளையின் அடிப்புறத்தில், இரு கண்ணரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. தன்போக்கில் விட்டால் அது ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்திலும் சிறிது கூடுதலாக எடுக்கும். காலையொளியே அதனை நாள்தோறும் திருத்துகிறது. பழ ஈக்களை ஆராய்ந்து இதன் நுண்ணமைப்பை விளக்கிய ஹோல், ரொஸ்பாஷ், யங் என்னும் அமெரிக்கர் மூவர் 2017 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இவையொன்றும் அறியாமலே யான் கொழும்புக்கு அணித்தான ஆலையொன்றிற் பதினேழு ஆண்டுகள் முறைவேலை பார்த்தேன். ஒரு வாரம் இரவு, மறுவாரம் மாலை, அதற்கடுத்து காலை. நம் இலக்கணத்தார் நாளினை ஆறு சிறுபொழுதாக வகுத்து யாமத்தைக் குறிஞ்சிக்குக் கொடுத்தனர், ஆலைக்குக் கொடுத்தாரல்லர். பகலில் உறங்க வேண்டி இல்லத்தாள் பிள்ளைகளை அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஆயினும் வெயிலையும் காகத்தையும் மீன்காரனின் கூவலையும் எங்கே அனுப்புவது?

உடல் வெப்பம் மிகத் தாழ்வது விடியற்காலை நான்கு மணியளவில். அவ்வேளையில் ஒருநாள் கொதிகலனின் அமுக்கமானியைப் பார்த்தும் பாராதவனாய் நின்றேன். முள் சிவப்புக் கோட்டைக் கடந்திருந்தது. உடனிருந்த இளைஞன் பாய்ந்து வால்வைத் திறந்திராவிடின் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. 1979 இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டிலும், 1986 இல் செர்னோபிலிலும் அணு உலை விபத்துகள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையிலேயே தொடங்கின என்பதைப் பின்னாளிற் படித்தபோது உடல் சிலிர்த்தது.

1994 இல் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. வைத்தியர் இருபத்து நான்கு மணி நேரமும் துடிப்பைப் பதியும் கருவியை இருமுறை மார்பிற் கட்டினார்; ஒன்று இரவுமுறை வாரத்தில், மற்றொன்று விடுமுறையில். பதிவுகளை மேசையில் விரித்து அவர் கூறியது எனக்குப் புதுமையாயிருந்தது. நலமான இதயம் இம்மியும் பிசகாத ஒரே இடைவெளியில் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையிற் சற்று விரைந்தும், வெளிவிடுகையிற் சற்றுத் தளர்ந்தும் துடிக்கும். இவ்வேறுபாடு, இதயத்தை அமைதிப்படுத்தும் வேகசு நரம்பு செவ்வனே தொழிற்படுவதன் அறிகுறி. இரவுறக்கத்தில் அது பெருகுவதே இயல்பு. விடுமுறைப் பதிவில் அவ்வாறே பெருகியிருந்தது. இரவுமுறை வாரத்துப் பகலுறக்கத்திலோ துடிப்புகள் இறுக்கமாய் அணிவகுத்து நின்றன. "நீர் உறங்கினீர், உமது இதயம் வேலையில் நின்றது" என்றார் வைத்தியர்.

முறைகளின் வரிசையையாவது மாற்றலாமே என்று மேலாளருக்கு மனுச் செய்தேன். உட்கடிகாரம் இயல்பாகவே பிந்த விரும்புவது. முந்தச் சொன்னால் முரண்டு பிடிக்கும். ஆதலின் காலை, மாலை, இரவு என முன்னோக்கிச் சுழல்வது தாங்கத்தக்கது. எங்கள் ஆலை பின்னோக்கிச் சுழன்றது. மனுவைப் படித்த மேலாளர், "இயந்திரத்துக்கு உறக்கமில்லை" என்று நகைத்தார். அடுத்த ஆண்டு சம்பளம் குறைந்த பகல் வேலைக்கு மாறினேன். படபடப்புத் தணிந்தது, வீட்டில் வரவு செலவுக் கணக்குத் தணியவில்லை.

என் தங்கையின் மகள் இப்பொழுது தாதியாய்ப் பணிபுரிகிறாள். சென்ற மாதம் தன் பணிமுறை அட்டவணையைக் காட்டினாள். இரவு, மாலை, காலை. அதே வரிசை. மேலிடத்துக்குக் கடிதமொன்று எழுதித் தருமாறு கேட்டாள். பழைய மனுவின் படியைத் தேடியெடுத்து, இதயப் பதிவுகள் இரண்டையும் இணைத்து எழுதிக் கொடுத்தேன். மறுமொழி இன்னும் வரவில்லை.