நேரில் சொல்வது

ஓ. ஹென்றியின் ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு’ (1906-ல் வெளியான ‘தி ஃபோர் மில்லியன்’ தொகுதியில் உள்ளது) கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் கடைசித் திருப்பத்தையே பேசுகிறார்கள். பாபும் ஜிம்மியும் நியூயார்க்கில் சேர்ந்து வளர்ந்தவர்கள். இருபது வருஷம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் சந்திப்பதாகச் சொல்லிப் பிரிகிறார்கள். பாப் ஆயிரம் மைல் தாண்டி வந்து காத்திருக்கிறான். அவன் சுருட்டுப் பற்றவைக்கிற தீக்குச்சி வெளிச்சத்தில், ரோந்து வந்த போலீஸ்காரன் ஜிம்மிக்கு, சிகாகோ போலீஸ் தேடும் முகம் தெரிகிறது. தான் யாரென்று சொல்லாமல் ஜிம்மி போய்விடுகிறான். சாதாரண உடையில் இன்னொருவனை அனுப்பிக் கைது செய்விக்கிறான். கூடவே ஒரு சீட்டு.

நட்பா, கடமையா என்று வகுப்பறையில் கேட்பார்கள். எனக்கு அது கேள்வியாகப் படவில்லை. ஜிம்மி சொன்ன நேரத்துக்கு வந்தான். தேடப்பட்டவனைப் பிடித்தும் கொடுத்தான். இரண்டும் நடந்துவிட்டன. நடக்காதது ஒன்றுதான்: தன் வாயால் சொல்வது. தன்னால் முடியவில்லை என்பதைக்கூட அவன் சீட்டில்தான் சொல்கிறான். கதையின் கனம் கைதில் இல்லை, அந்தச் சீட்டில் இருக்கிறது.

இந்தக் கதையை இப்போது எடுத்துப் படிக்க வைத்தது ஒரு கவிதைத் தொகுதி. கொடைக்கானல் நண்பர் ஒருவருடையது. மதிப்புரை எழுதக் கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் பல வருஷம் சாப்பிட்டவன் நான். தொகுதியில் தேறுவது நாலு கவிதை. “வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்களேன்” என்றார் தெரிந்தவர் ஒருவர். அது ஜிம்மியின் வழி.

இன்னொரு வழி இந்த மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து, மேகம் விலகும்போது, கீழே தூரத்தில் பழனிக் குன்று தெரியும். அந்த மலைநாட்டின் தலைவன் பேகன். மயிலுக்குப் போர்வை தந்தவன் என்பதோடு பள்ளிக்கூடம் அவனை விட்டுவிடுகிறது. புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள ஐந்து பாட்டுகள் விடவில்லை. மனைவி கண்ணகியைத் துறந்து (சிலம்பின் கண்ணகி வேறு) அவன் பிரிந்திருந்தபோது கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் நால்வரும் அவனைப் பார்த்தே பாடியவை அவை. எல்லோரும் கொடுப்பவர் கையைப் பார்த்து வாழ்ந்தவர்கள். பரணர் அவன் கொடையைப் புகழ்ந்தவரும்கூட. அவரே 145-ல், மயில் குளிரால் நடுங்குமென்று இரங்கியவனே என்று தொடங்கி, பசித்து வரவில்லை, காப்பாற்றவேண்டிய சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் கேட்கும் பரிசில் என்கிறார். புகழ்ந்த போர்வையே கண்டனமாகிவிடுகிறது. அரிசில் கிழாரும் நகை வேண்டாம், செல்வம் வேண்டாம் என்கிறார்.

பரிசிலை விட்ட பிறகே அவர்களுக்குச் சொல்லும் உரிமை வருகிறது. சொன்னதையும் யாசகமாகவே சொன்னார்கள். கடைசிவரை பேகன் கொடுப்பவனாகவே இருக்கிறான். பேகன் போனானா என்று பாட்டுகள் சொல்வதில்லை.

ஜிம்மியின் சங்கடம் இதைவிடக் கொடியது என்பதை மறுக்கவில்லை. அவன் கையில் விலங்கு இருந்தது. புலவர்களிடம் சொல் மட்டும். கபிலர் வாசலில் ஒரு பெண் அழுவதைக் கண்டவர். ஜிம்மிக்குச் சிகாகோவிலிருந்து வந்த செய்திதான். என் கடமையோ, காசு கொடுத்து இந்தத் தொகுதியை வாங்கப்போகிற முகம் தெரியாத ஒருவனுக்கு.

மதிப்புரையை நானே எழுதுகிறேன். அச்சுக்குப் போகுமுன் நண்பர் வீட்டில் அவருக்குப் படித்துக் காட்டவேண்டும். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.